விளக்கைத் தேடி வரும் காட்டுக் கரப்பான்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில், மரங்கள் சூழ்ந்த வீடுகளுக்கு மே, ஜூன் மாதங்களில் வாசல் விளக்கைத் தேடிக் கரப்பான்கள் பறந்து வரும். உடனே மருந்து அடிக்க ஆள் கூப்பிடாதீர்கள். பெரும்பாலும் அது பென்சில்வேனியா காட்டுக் கரப்பானின் ஆண். சுமார் 1 அங்குல நீளம். பழுப்பு உடல், இறக்கை ஓரத்தில் வெளிர்மஞ்சள் கோடு. சமையலறைக் கரப்பான் வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளியும். இது ஒளியாது, பகலிலும் சாவகாசமாக அலையும்.

மட்கும் மரமும் ஈரப்பட்டையும்தான் இதற்கு இருப்பிடம். வறண்ட வீட்டுக்குள் பெருகாது, அதனால் உள்ளே மருந்தடிப்பது வீண். பெருக்கி வெளியே தள்ளினால் சரி. கவனிக்க வேண்டியது விறகைத்தான்: சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், குளிர்காலத்தில் பட்டைக்கடியில் குஞ்சுகள் தங்கியிருக்கும், ஆகவே அன்றைக்கு எரிக்கும் அளவு மட்டும் உள்ளே எடுங்கள். அப்புறம், வாசலுக்கு மஞ்சள் பல்பு மாட்டுங்கள், கதவிடுக்கை அடையுங்கள்.