குடியிருப்போரிடம் கதை கேட்பது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

"உங்க ஏரியாவுல என்ன பிரச்சனை?" என்று கேட்டால் பத்து வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: குப்பை, தண்ணீர், தெருவிளக்கு. "போன வாரம் ராத்திரி வீட்டுக்கு நடந்து வந்தீங்களே, அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். விளக்கு எரிகிறது, ஆனால் அதன் கீழே எப்போதும் ஒரு வேன் நிற்கிறது, மறைவில் யார் இருப்பார்களோ என்று போனில் பேசுவதுபோல நடித்துக்கொண்டே கடக்கிறேன் என்று ஒரு பெண் சொல்லக்கூடும். அந்த இடத்தில் இன்னொரு விளக்குப் போட்டு என்ன பயன்? நடந்த சம்பவங்களைக் கதையாகச் சேகரிப்பது இதற்காகத்தான்.

படி 1: எல்லையும் கேள்வியும்

கால் மணி நேரத்தில் நடந்தே சுற்றிவரக்கூடிய நான்கைந்து தெருக்கள் முதல்முறைக்குப் போதும். அதற்கு மேல் போனால் கதைகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும். இப்படி: "உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இந்தத் தெருவுக்குக் குடிவரலாமான்னு கேக்குறாங்க. வாங்கன்னோ வேண்டாம்னோ சொல்றதுக்கு, சமீபத்துல நடந்த எந்தச் சம்பவத்தை அவங்ககிட்ட சொல்வீங்க?" நல்லதும் வரலாம், கெட்டதும் வரலாம். கேள்வியிலேயே "பாதுகாப்பு", "போதை" போன்ற சொற்களைப் போட்டுவிட்டால் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்கும் இந்த வழி புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளானகன், இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வளர்த்தெடுத்து 1954-ல் இதை ஒரு முறையாக எழுதிவைத்தார்.

படி 2: ஆட்கள்

ஆறு முதல் எட்டுப் பேர், இருவர் இருவராக. ஒருவர் பேச்சுக் கொடுக்க, மற்றவர் பதிவையும் குறிப்பையும் பார்த்துக்கொள்வார். முடிந்தவரை அதே தெருக்காரர்களாக இருக்கட்டும். ஆனால் சொந்தப் பக்கத்து வீட்டுக்கு அவர்களை அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய கதை அங்கே வெளிவராது.

இரண்டு மணி நேரப் பயிற்சியில் ஒருவரையொருவர் கேட்டுப் பழகவேண்டும். பழக வேண்டியது முக்கியமாக மௌனம்தான். சொல்பவர் நிறுத்தினால் ஐந்து நொடி சும்மா இருங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் விஷயம் வரும்.

படி 3: சம்மதமும் பதிவும்

சம்மதத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: பதிவு செய்யலாமா, மற்ற குடியிருப்போருக்குக் காட்டலாமா, வெளியே பகிரலாமா. முதல் இரண்டுக்குச் சரி என்று சொல்லி மூன்றாவதை மறுப்பவர்கள் நிறையப் பேர். ஒரே கையெழுத்தில் மூன்றையும் வாங்குவது நியாயமே இல்லை.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துணியின்மேல் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூடப் பேச்சை அடித்துவிடும். கோப்புக்குத் தேதி, தெரு எண், கதை எண் மட்டும், பெயர் வேண்டாம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனித்தாளில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். அன்றிரவே கணினிக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுங்கள்.

வீட்டு வன்முறை, குழந்தைக்கு ஆபத்து போன்றவை பேச்சில் வரலாம். அந்த இடத்தில் பதிவை நிறுத்திவிடுங்கள். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கையும் கொடுக்கக் கூடாது. யாரிடம் உதவி கேட்கலாம் என்ற எண்கள், களத்தில் இறங்கும் முன்பே ஒவ்வொருவர் பையிலும் இருக்கவேண்டும்.

படி 4: பொருள் சொல்வது சொன்னவரே

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். கதையை வாங்கிவந்து, அதன் அர்த்தத்தை நாமே எழுதிவிடுகிறோம். கதை முடிந்ததும் அவரிடமே ஒரு தலைப்பு வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு முக்கோணம் வரைந்த தாளை நீட்டுங்கள். மூலைகளில் "வீட்டார்", "அக்கம்பக்கத்தார்", "அதிகாரிகள்". "இந்தச் சம்பவத்துல நிலைமை யார் கையில இருந்துச்சு? ஒரு புள்ளி வைங்க." இரண்டு பேருக்கு நடுவிலும் வைக்கலாம், மையத்திலும் வைக்கலாம். கதைக்குப் பொருளைச் சொன்னவரையே குறிக்கவைக்கும், ஆய்வாளர் டேவ் ஸ்னோடனின் சென்ஸ்மேக்கர் முறையில் வரும் முக்கோணம் இதுதான். ஒரு எச்சரிக்கை: மூன்று மூலையும் சம எடையுள்ளதாக இருக்கவேண்டும். ஒரு மூலையில் "ஒற்றுமை", இன்னொன்றில் "சுயநலம்" என்று எழுதினால், புள்ளியெல்லாம் நல்ல பெயருள்ள மூலைக்கே போய்விடும்.

படி 5: யார் விடுபட்டார்கள்?

60 முதல் 100 கதைகள் இலக்கு. 30 வந்ததும் நின்று, வயது, பாலினம், சொந்த வீடா வாடகையா என்று எண்ணிப் பாருங்கள். பகலில் மட்டும் போயிருந்தால் வேலைக்குப் போகிறவர்கள் விடுபட்டிருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், பதின்வயதினர், வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத முதியவர்கள் ஆகியோரை அடுத்த சுற்றில் தேடிப்போங்கள்.

படி 6: சுவரில் ஒட்டுங்கள்

ஒவ்வொரு கதையையும் சொன்னவரின் நடையிலேயே அரைப்பக்கத்துக்குச் சுருக்குங்கள். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. "மூலை வீட்டு மாடி, ரெண்டு நாய்" என்றாலே தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும். அடையாளங்களை மாற்றி, சொன்னவரிடம் வாசித்துக் காட்டிய பிறகே சுவருக்குக் கொண்டுபோங்கள்.

பிறகு சுவருக்கு முன் ஒரு கூட்டம்: குடியிருப்போர் 15 முதல் 20 பேர், மூன்று குழு, இரண்டு மணி நேரம். எல்லாப் புள்ளிகளையும் ஒரே பெரிய முக்கோணத்தில் வைத்து, எங்கே குவிகின்றன என்று பார்த்து, அந்தக் கதைகளை வாசிக்கவேண்டும். தனியாக விலகி நிற்கும் புள்ளிகளையும் விடாதீர்கள். அந்த வேன் கதை அப்படி ஒரு ஓரப்புள்ளியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு குழுவும் தங்களுக்கு முக்கியமாகப் பட்ட ஒரு கதையைத் தேர்ந்து, ஏன் என்பதையும் எழுதட்டும். 1990-களில் மதிப்பீட்டு ஆய்வாளர் ரிக் டேவிஸ் வங்கதேசத்தில் உருவாக்கிய "மிக முக்கியமான மாற்றம்" (Most Significant Change) என்ற முறையின் உயிர்நாடியே அந்த "ஏன்".

படி 7: சின்ன முயற்சிகள்

இப்போது கேட்க வேண்டியது: "இந்த மாதிரிக் கதை குறையணும், அந்த மாதிரிக் கதை கூடணும். அடுத்த மாசத்துக்குள்ள நம்மால என்ன செய்ய முடியும்?" மூன்று நான்கு சிறு முயற்சிகளை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். வேனை இடம் மாற்றச் சொல்லிப் பேசுவது ஒன்று, அந்த நேரத்தில் இரண்டு பேர் வாசலில் உட்கார்வது இன்னொன்று. ஆறு வாரம் கழித்து அதே கேள்வியோடு போய் 20, 30 கதைகள் வாங்குங்கள். கதை மாறாத முயற்சியை நிறுத்திவிட்டு, மாறியதற்கு ஆள் கூட்டுங்கள். முதல் சுற்றில் கதை சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும், என்ன செய்தோம், எது பலிக்கவில்லை என்று ஒரு பக்கத் தாள் போய்ச் சேரவேண்டும். அது போகாத வீட்டில் இரண்டாவது முறை கதவு திறக்காது.