நாற்பதுக்குப் பிறகு உடற்பயிற்சி, குடும்பம், எழுத்துக்குழு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பதைத் தாண்டிய பலர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு முடிவுகளை எடுக்கிறார்கள். உடம்பைக் கவனிக்க வேண்டும் என்பது ஒன்று. இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட எழுத்தை இனியாவது எழுதிவிட வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதற்காக ஜிம்மில் சேர்கிறார்கள், அல்லது காலையில் ஓடத் தொடங்குகிறார்கள். இரண்டாவதற்காக, ஒருவர் படைப்பை மற்றவர்கள் வாசித்துக் கருத்துச் சொல்லும் ஓர் எழுத்தாளர் குழுவில் சேர்கிறார்கள். இரண்டும் நல்ல முடிவுகள். ஆனால் இரண்டும் வந்து நுழைவது, ஏற்கெனவே நிரம்பி வழியும் ஒரு வாரத்துக்குள். அந்த வாரத்தில் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வயதாகிவரும் பெற்றோர் இருக்கிறார்கள், துணை இருக்கிறார், வேலை இருக்கிறது. சில மாதங்களில் ஏதோ ஒன்று அடிவாங்குகிறது.

நேரம் போதவில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது பாதி உண்மை. மூன்றும் ஒரே மாதிரி வளைந்து கொடுக்கும் என்று நினைத்துத் திட்டம் போடுவதுதான் மீதிப் பாதி என்பேன். உடற்பயிற்சியை நன்றாகவே சுருக்கலாம், அது பொறுத்துக்கொள்ளும். எழுத்துக்குழு தேதியோடு கட்டப்பட்டது. நாம் கொடுத்த வாக்கை நம்பிச் சிலர் காத்திருக்கிறார்கள். குடும்பமோ, எவ்வளவு சுருக்கினாலும் உடனே எதுவும் சொல்லாது. சொல்லும்போது காலம் கடந்திருக்கும். பெரும்பாலான தவறுகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்குவது

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் அச்சில் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒரு செயல் தன்போக்கில் நடக்கும் அளவுக்குப் படிய, சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிட உடற்பயிற்சி மெதுவாகவே படிந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். அது எனக்குப் பிடித்த தகவல்.

ஆகவே ஒன்று ஓரளவு படிந்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள். எது முதலில் என்று கேட்டால், பயிற்சி என்பேன். தூக்கமும் தெம்பும் கூடினால் எழுத்துக்கும் அது கைகொடுக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் குழுவில் சேர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

குழுக்கள் திடீரென்று அறிவிக்கும் எழுத்துச் சவால்களிலும் இதே கவனம் வேண்டும். ஒரே மாதத்துக்குள் 50,000 சொற்கள் எழுதும் சவால் 1999-ல் அமெரிக்காவில் தொடங்கி, அடுத்த ஆண்டிலிருந்து நவம்பருக்கு மாறி, உலகம் முழுக்கப் பரவியது. கணக்குப் போட்டால் நாளைக்குச் சுமார் 1,667 சொற்கள். அப்படியொரு சவாலில் இறங்கும் மாதத்தில் ஓடும் தூரத்தையோ தூக்கும் எடையையோ கூட்ட வேண்டாம். இருப்பதைத் தக்கவைத்தால் போதும்.

பழைய உடம்பு இன்னும் இருப்பதாக நினைப்பது

பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே தசைகள் பலம் காட்டத் தொடங்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. தெம்பு வந்துவிட்டது என்று ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கும்போது, குதிகாலும் முழங்காலும் தோளும் அடிவாங்குவது இதனால்தான். இளவயதில் விளையாட்டுப் பழக்கம் இருந்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மனத்துக்குப் பழைய வேகம் நினைவிருக்கும், தசைநாணுக்கு இருக்காது.

நடந்தால் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்வது இன்னொரு தவறு. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தசையையும் எலும்பையும் காப்பாற்ற எடையைத் தூக்கவோ தள்ளவோ வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டலில் இரண்டுமே உண்டு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் வலுப்பயிற்சி. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனை அந்த வழிகாட்டலில் இல்லை. ஐந்து நிமிடம் மாடிப்படி ஏறி இறங்கினாலும் சேரும். ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைத்தால்தான் பயிற்சி என்று காத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கும் மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடிமானியோடு (நடக்கும் அடிகளை எண்ணும் கருவி) பரவியது. சராசரி வயது 72 கொண்ட பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் ஆயுள் பலன் கூடவில்லை. இரவு பத்து மணிக்கு, மீதமிருக்கும் 2,000 அடிக்காக வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பதைவிட, அந்த நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது மேல்.

நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் கடுமையான பயிற்சி தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு பக்கமும் தூக்கத்தை வெட்டுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லாத நேரம் எது என்று தேடுகிறோம். விடியற்காலை ஐந்து மணி கிடைக்கிறது, அது பயிற்சிக்கு. எல்லோரும் தூங்கிய பிறகு பதினொரு மணி கிடைக்கிறது, அது எழுத்துக்கு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். குடும்ப நேரத்தில் கை வைக்கவில்லை என்ற நிம்மதியும் இருக்கும். ஆனால் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கு வந்து நிற்கும்.

பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடை அதிகமுள்ள பத்துப் பேருக்குக் குறைந்த கலோரி உணவு கொடுத்து, 14 நாள் எட்டரை மணி நேரமும், இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்த முறை, கரைந்த எடையில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. தசை உள்ளிட்ட மற்ற திசுக்களின் இழப்பு கூடியது. சின்ன ஆய்வுதான். என்றாலும் விடியலில் எழுந்து வியர்வை சிந்துபவர் யோசிக்க வேண்டிய விஷயம்: தூக்கத்தை வெட்டிச் செய்யும் பயிற்சி, எதைக் காப்பாற்றத் தொடங்கினோமோ அதையே கரைக்கக்கூடும்.

தூக்கம் கெட்டால் எழுத்தும் கெடும். நள்ளிரவு தாண்டி எழுதிய பக்கங்களை மறுநாள் எடுத்துப் பாருங்கள். ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லியிருக்கும். வீட்டிலும் சிறு விஷயத்துக்கெல்லாம் குரல் உயரும். குடும்ப நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்று நாம் நினைத்திருக்க, அந்த நேரத்தில் நம்மிடம் பொறுமை மிச்சமில்லாமல் போயிருக்கும்.

இரண்டு முனையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு எழுதினால் மறுநாள் விடியலில் பயிற்சி இல்லை. அன்று மதியமோ மாலையோ இருபது நிமிட வேக நடை. விடியலில் பயிற்சி செய்பவருக்கு எழுத்து நேரம் வார இறுதியின் முற்பகலாக இருக்கட்டும். எழுதுவதற்காக மாலை ஆறு மணிக்குமேல் காபி குடிப்பதையும் விட்டுவிடுங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும்.

குழுவின் முழுக் கணக்கைப் போடாமல் சேர்வது

மாதம் இருமுறை, இரண்டு மணி நேரக் கூட்டம் என்று சொல்வார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒரு கூட்டத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு 3,000 சொற்கள் அனுப்பினால் 12,000 சொற்கள். ஒருமுறை வாசிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். உருப்படியாகக் கருத்துச் சொல்ல இரண்டாம் வாசிப்பு வேண்டும், குறிப்பெழுத வேண்டும். ஆக இரண்டு மணி நேரக் கூட்டம் உண்மையில் ஐந்து மணி நேரம் கேட்கிறது. அதற்குமேல் வாட்ஸ்அப் குழுவில் ஓடும் விவாதங்கள் தனி. சேரும் முன்பே கேளுங்கள்: ஒரு கூட்டத்துக்கு எத்தனை படைப்பு, எவ்வளவு நீளம், எத்தனை நாள் முன்பு கைக்கு வரும்?

கூட்டமே இழுத்துக்கொண்டு போனால் அதற்கும் வழி இருக்கிறது. 1956-ல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடத் தொடங்கிய சந்திப்பின் பெயரால் ஒரு முறை இன்றும் வழக்கில் உள்ளது. எல்லோரும் முன்பே வாசித்துவிட்டு வருவார்கள். ஒவ்வொருவராகச் சுற்றுமுறையில் கருத்துச் சொல்வார்கள், குறுக்கே யாரும் பேசக்கூடாது. எழுதியவர் கடைசிவரை வாய் திறக்காமல் கேட்டுவிட்டுப் பிறகு பதில் சொல்வார். ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பும் வைத்துக்கொண்டால் கூட்டம் சொன்ன நேரத்துக்கு முடியும். வீட்டில் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருப்பவருக்கு இந்த ஒழுங்கு பெரிய உதவி.

பொறுப்பு எடுப்பதில் நிதானம் வேண்டும். கூட்டம் நடத்துவது, தொகுப்பு கொண்டுவருவது, நினைவூட்டல் அனுப்புவது எல்லாம் ஆர்வமுள்ளவர் தலையில்தான் விழும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குழுவுக்காக நிறைய உழைத்திருப்போம், சொந்தக் கதை ஒன்றும் நகர்ந்திருக்காது. பொறுப்பு எடுத்தால் முடியும் தேதியோடு எடுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: தன் படைப்பு வரும் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வந்து, மற்றவை வரும்போது காணாமல் போவது. அப்படிச் செய்பவரின் படைப்பை மற்றவர்கள் மனம்வைத்து வாசிக்க மாட்டார்கள்.

குடும்பத்துக்கு மிச்சத்தைக் கொடுப்பது

முடிவெடுத்துவிட்டு வீட்டில் அறிவிப்பதுதான் வழக்கமான தொடக்கம். "இனிமேல் செவ்வாய், வியாழன் காலை ஜிம், சனிக்கிழமை குழு." அந்த நேரங்களில் யார் பிள்ளைகளைக் கிளப்புவது, யார் பெரியவர்களுக்கு மருந்து கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்படவே இல்லை, துணையின் தலையில் அது தானாக ஏறிவிடுகிறது. அறிவிப்பதற்குப் பதில் கேளுங்கள். அதைவிட முக்கியம், துணைக்கும் அதே அளவு சொந்த நேரம் வாரத்தில் குறிக்கப்பட வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கப் பிடித்தாலும் சரி.

சேர்ந்து நடக்கப் போவதை ஒரே நேரத்தில் பயிற்சியாகவும் குடும்ப நேரமாகவும் எழுதிக்கொள்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், வேகத்தை அடுத்தவர் தீர்மானிக்கும் வரை. கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தால் அது உங்கள் பயிற்சி மட்டுமே. கூட வருபவருக்கு அது தெரிந்துவிடும்.

எழுத்துக்குழுவோடு வரும் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நடுவயதில் எழுதத் தொடங்குபவர்கள் இயல்பாகவே வீட்டிலிருந்து எழுதுகிறார்கள். தாயின் மறதி, மகனின் தோல்வி, தம்பதிக்குள் நடந்த சண்டை எல்லாம் பெயர் மாறிக் கதையாகி எட்டுப் பேர் முன்னால் விவாதிக்கப்படும். அந்த எட்டுப் பேரும் குடும்பத்தை அறிந்தவர்களாக இருந்தால், பெயரை மாற்றி என்ன பயன்? குழுவுக்கு அனுப்பும் முன் சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தக் கதை இப்போதைக்கு மேசைக்குள் இருக்கட்டும். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; சுற்றுக்கு விடுவது வேறு விஷயம்.

நெருக்கடி வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவது

பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் கெடு, பெற்றோருக்கு மருத்துவமனை. அந்த வாரம் பயிற்சி நிற்கும். நின்றது நின்றபடியே இரண்டு மாதம் போகும். இங்கேதான் பயிற்சி சுருங்கிக் கொடுக்கும் குணத்தைப் பயன்படுத்த வேண்டும். கட்டிய வலிமையைத் தக்கவைக்க, கட்டும்போது செய்த அளவு தேவையில்லை. 2021-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, இளையவர்கள் வாரம் ஒரே ஒரு வலுப்பயிற்சியில், ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று மட்டும் செய்தே பல மாதம் வலிமையைக் காக்க முடிந்தது. வயது கூடியவர்களுக்கு வாரம் இரண்டு முறை வரை தேவைப்படலாம். தூக்கும் எடையை மட்டும் குறைக்கக்கூடாது. ஆக, நெருக்கடியில் இருபது நிமிடம், வாரம் இரண்டு முறை: ஸ்குவாட், புஷ்-அப், முதுகுக்கு ஓர் இழுப்புப் பயிற்சி. அவ்வளவுதான்.

எழுத்தையும் அப்படியே சுருக்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் அதிகம் வந்தன. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடக்கும் பத்து நிமிடத்தில் ஒரு காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்த்து, இரண்டு வரி ஃபோனில் குறித்துக்கொள்ளலாம்.

குழுவிடம் மட்டும் மௌனமாக நழுவக்கூடாது. கூட்டம் முடிந்த பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட, ஒரு வாரம் முன்பே சொல்வது எல்லோருக்கும் உதவும். அந்த இடத்தில் வேறொருவர் படைப்பு வரும். காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டில் கவனிக்க வேண்டியது இருக்கிறது. அடுத்த இரண்டு கூட்டத்துக்கு நான் படைப்பு அனுப்பவில்லை, வாசிக்கவும் இயலாது. மூன்றாவது கூட்டத்துக்கு வந்துவிடுகிறேன்" என்று எழுதுங்கள். அந்த மூன்றாவது கூட்டத்தின் தேதியை வீட்டு நாட்காட்டியிலும் குறித்துவைத்து, அன்று வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று இப்போதே பேசிவிடுங்கள்.