செட்டிநாட்டில் அரசுப் பள்ளிக்கு வரைபடம் போடும்போது

எத்தனை வகுப்பறை என்ற கணக்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் மனையில் வடக்கைக் குறியுங்கள். வகுப்புகளின் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். மாலை வெயில் காயும் மேற்குக் கோடிக்குப் படிக்கட்டையும் சாமான் அறையையும் தள்ளிவிடுங்கள்.

வடக்கு ஜன்னலுக்கு நிழல் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டெல்லியில் அது ஓரளவு செல்லும். காரைக்குடி சுமார் 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் சாய்கிறது. 1.2 மீட்டர் உயர ஜன்னலுக்கு வடக்கில் 30 செ.மீ. சன்ஷேடு ஜூன் மாத நண்பகலைத் தடுத்துவிடும். தெற்கில் டிசம்பர் நண்பகலுக்கு 80 செ.மீ. வேண்டும். வழக்கம்போல 60 போட்டால் ஜன்னலின் அடியில் 30 செ.மீ. வெயில் உள்ளே வரும். அந்த ஓரத்துப் பிள்ளைகள் நகர்ந்து உட்காருவார்கள். தாழ்வாரத்தையே தெற்கில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இந்த ஊர் வீடுகளில் தேக்குத் தூணைப் பார்த்து மயங்குபவர்கள் அதிகம். பள்ளிக்கு உதவுவது முற்றம். அதன் வடக்கிலும் தெற்கிலும் ஒற்றை வரிசையாக வகுப்புகளை அமைத்தால் ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் ஜன்னல் கிடைக்கும், காற்று குறுக்கே ஓடும். விளையாட்டை மட்டும் அங்கே விடாதீர்கள், இருபக்கப் பாடமும் கெடும். முற்றத்துத் தரையைத் தாழ்வாரத்தைவிட 15 செ.மீ. இறக்கி, மழைநீரைக் குழாய் வழியே ஊரணிக்கோ உறிஞ்சு குழிக்கோ விடுங்கள். குழாய் வாயில் கம்பி வலை வேண்டும். வேப்பிலை அடைத்தால் ஐப்பசி மழை வகுப்புக்குள் ஏறும். ஆத்தங்குடிக் கல்லை, அதாவது இந்தப் பக்கத்துப் பூவேலைத் தரை ஓட்டை, உள்ளே பதிக்கலாம். சாரல் அடிக்கும் தாழ்வாரத்தில் அது வழுக்கும்.

பேஸ்மட்டம், அதாவது வெளித்தரையிலிருந்து கட்டடத் தரையின் உயரம், 45 செ.மீ. என்றால், 12க்கு 1 சரிவில் சாய்தளத்துக்கு 5.4 மீட்டர் நீளம் போகும். இதை ஆரம்பத்திலேயே வரைந்துவிடுங்கள். கடைசியில் மிஞ்சும் 2 மீட்டரில் திணித்தால், சக்கர நாற்காலிப் பிள்ளை தானே ஏற முடியாது.

கான்கிரீட் கூரைக்கு மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம், அதன்மேல் தட்டோடு. தண்ணீர் வடிய மீட்டருக்கு 1.5 செ.மீ. வாட்டம். ஒழுகல் பெரும்பாலும் நடுவில் வராது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில்தான் தொடங்கும். அந்த மூலையை வளைத்துப் பூசச் சொல்லுங்கள்.

2004 ஜூலை 16 அன்று கீற்றுக் கூரையில் பரவிய கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுப் பந்தல் எதற்கும் வேண்டாம், சமையற்கூடத்துக்கும்கூட. அடுப்பு வகுப்புகளிலிருந்து தனித்து நிற்கட்டும். ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கம் திறக்கும் இரண்டு கதவுகள் வையுங்கள். இரண்டாவது கதவின் முன் பழைய பெஞ்சு அடுக்கவே முடியாதபடி அது நேரே தாழ்வாரத்தில் திறக்கட்டும்.