சான்சலர் மேல் கடுப்பில் இருக்கும் நியூயார்க் பெற்றோருக்கு

நியூயார்க்கில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறீர்கள் என்றால், நகரத்தின் அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் தலைவரான சான்சலரைத் திட்ட ஒரு காரணமாவது கையில் இருக்கும். காலையில் பள்ளி வாசலில் பத்து நிமிடம் நின்றாலே போதும், நாலு பேர் திட்டுவது காதில் விழும். சரி, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினால் காரியம் ஆகும்?

சான்சலரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 2002 முதல் மேயர்தான் நியமிக்கிறார், ஆகவே நம் கோபத்துக்குப் பயப்பட வேண்டிய ஆள் மேயர். 2010 நவம்பரில் அப்போதைய மேயர் ப்ளூம்பெர்க், கேத்தி பிளாக் என்ற பத்திரிகை நிறுவன நிர்வாகியைக் கொண்டுவந்தார். கல்வித் துறை அனுபவமே கிடையாது, மாநிலக் கல்வி ஆணையர் விதிவிலக்குக் கொடுத்துத்தான் பதவியில் உட்கார வைத்தார்கள். பள்ளிகளில் இடமில்லை என்று பெற்றோர் முறையிட்டபோது அந்த அம்மா கருத்தடையைப் பற்றி ஜோக் அடித்தார். பிப்ரவரி கூட்டத்தில் கூச்சல் போட்டவர்களைப் பார்த்துப் பதிலுக்குப் பழிப்புக் காட்டினார். கருத்துக் கணிப்பில் ஆதரவு 17 சதவீதம் என்று வந்தது. ஏப்ரலில், 95 நாளில், மேயரே அனுப்பிவிட்டார்.

அதனால் கடிதம் எழுதினால் மேயருக்கு எழுதுங்கள், நகல் உங்கள் மாநில செனட்டருக்கும் அசெம்பிளி உறுப்பினருக்கும். பள்ளிகளை மேயர் கையில் கொடுத்த சட்டம் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் போட்டது, சில வருடங்களுக்கு ஒருமுறை காலாவதியாகும், நீட்டிக்க இவர்கள் ஓட்டுப் போட்டாக வேண்டும். அந்தச் சமயம் பார்த்துப் பிடியுங்கள்.

அப்புறம் பி.இ.பி. எனப்படும் கல்விக் கொள்கைக் குழுவின் கூட்டம். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். ஆனால் குழுவில் மேயர் போட்ட ஆட்களே பெரும்பான்மை, எனவே பேசியே ஓட்டை மாற்றிவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். 2010 ஜனவரியில் 19 பள்ளிகளை மூடும் தீர்மானம் வந்தபோது புரூக்ளின் டெக் அரங்கில் விடியற்காலை மூன்று மணி தாண்டியும் ஜனங்கள் பேசித் தீர்த்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூடத்தான் ஓட்டுப் போட்டது குழு. மார்ச்சில் நீதிமன்றம் அந்த ஓட்டையே செல்லாது என்றது. ஒவ்வொரு பள்ளியையும் மூடினால் என்ன பாதிப்பு என்று சட்டப்படி தர வேண்டிய அறிக்கையை ஒழுங்காகத் தரவில்லை என்பதுதான் காரணம். ஆசிரியர் சங்கம் போட்ட வழக்கு. அவற்றில் பல பள்ளிகள் அடுத்த ஆண்டே மறுபடி பட்டியலில் வந்தன, அது வேறு கதை. ஆனால் ஒரு வருடம் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை.

ஆக, மூடும் பட்டியலில் உங்கள் பள்ளி பெயர் அடிபட்டால் முதல் வேலை அந்தப் பாதிப்பு அறிக்கையை உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது. பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள், அங்கே இடம் இருக்கிறதா, சிறப்புக் கல்வி வகுப்புகள் என்ன ஆகும் என்று பாருங்கள். குழு ஓட்டுப் போடுவதற்கு முன் உங்கள் பள்ளியிலேயே ஒரு விசாரணைக் கூட்டம் நடக்கும். அறிக்கையில் இருக்கும் ஓட்டைகளை அங்கே போய்ச் சொல்லுங்கள், பதிவில் ஏறும்.

இரண்டு நிமிடத்தில் என்ன பேசுவது? "சான்சலருக்கு ஒன்றும் தெரியாது" என்று ஆரம்பித்தால் கைதட்டு கிடைக்கும், அதோடு சரி. இப்படிப் பேசிப் பாருங்கள்: "என் மகள் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் 29 பிள்ளைகள். 2022 மாநிலச் சட்டம் 20 என்கிறது. படிப்படியாகத்தான் வரும், தெரியும். எங்கள் பள்ளிக்கு எந்த வருடம்?" கேள்வியோடு நிறுத்திவிடுங்கள். வீட்டில் போனில் டைமர் வைத்து வாய்விட்டு இரண்டு தடவை படித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் கேள்விக்கு வருவதற்குள் நேரம் போய்விடும்.

பதில் வரவில்லையா? மாநிலத் தகவல் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். ஐந்து வேலை நாளில் பதில் தர வேண்டும், ஆனால் வருவது பெரும்பாலும் "கிடைத்தது, பார்க்கிறோம்" என்பதுதான். சீக்கிரமே போட்டு வையுங்கள்.

நம் ஆட்கள் பலர் "நமக்கு ஓட்டே இல்லை, எதற்கு வம்பு" என்று ஒதுங்குவார்கள். 32 பள்ளி மாவட்டங்களுக்கும் சி.இ.சி. என்ற பெற்றோர் குழு உண்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல். ஹெச்-1பி விசாவில் இருந்தாலும் ஓட்டுப் போடலாம், நிற்கவும் நிற்கலாம், பிள்ளை அந்த மாவட்டத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குள் படித்தால் போதும். பி.இ.பி.யில் சில உறுப்பினர்கள் இந்தக் குழுக்கள் மூலம்தான் வருகிறார்கள்.

பள்ளித் துறை வழக்கமாக மொழிபெயர்க்கும் மொழிகளில் வங்காளமும் உருதுவும் உண்டு, தமிழ் இல்லை. பாட்டியோ தாத்தாவோ பேசுவதாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கூட்டம் ஆறு மணிக்கு என்று போட்டிருந்தாலும் உங்கள் முறை பத்து மணிக்கு வரலாம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சார்ஜரை மறக்காதீர்கள்.