மூன்று அறிவியல் பாடம், ஒரே செமஸ்டர்

இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்ந்து நெருக்கினால், முதலில் ரெக்கார்டு நோட்டை (லேப் சோதனைகளைப் பதிவு செய்யும் நோட்டு) எழுதி முடித்துவிடுங்கள். லேப் முடிந்த அன்றிரவே எழுதினால் ஒரு மணி நேரத்தில் முடியும். தள்ளிப்போட்டால் எந்த டைட்ரேஷன் அளவீடு எதற்கு என்பதே மறந்துபோகும்.

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவர்கள் நோட்டைப் புரட்ட வேண்டாம் (தலைசுற்றல்தான் மிச்சம்). முந்தைய நாள் வகுப்பை மனதில் ஓட்டிப் பாருங்கள். மறந்த இடத்தை மட்டும் இறங்கியதும் பாருங்கள்.

டெரிவேஷனை (சூத்திரம் வந்த வழியைப் படிப்படியாகக் காட்டுவது) வாசித்தால் புரிந்த மாதிரியே இருக்கும். வெற்றுத்தாளில் எழுதும்போதுதான் மூன்றாவது வரியில் மாட்டும். படித்த பிறகு 1, 3, 7, 21ஆம் நாட்களில் பார்க்காமல் எழுதுங்கள். கணிதம் தினமும் 5 கணக்கு, வகை கலந்து. வேதியியல் கணக்கில் மில்லிலிட்டரை லிட்டராக்க மறந்தால் மோலாரிட்டி (கரைசலின் செறிவு) 1000 மடங்கு குறைந்து வரும். அலகையும் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள்.