ஷிகோகு 88 கோயில் நடைபயணம்: கிலோமீட்டர விடுங்க, கடிகாரத்தப் பாருங்க

ஜப்பான்ல ஷிகோகு தீவையே சுத்தி வர்ற ரூட் இது. 88 கோயில், கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர், முழுசா நடந்தா 40லேர்ந்து 60 நாள் ஆகும். இதச் சொன்னாலே எல்லாரும் ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர்னுதான் கேக்குறாங்க, ஆனா பிளான் பண்ணும்போது முதல்ல பாக்க வேண்டியது கோயில் கவுண்டர் எப்ப மூடுது, ராத்திரி எங்க படுக்குறதுங்கறதுதான்.

ஒவ்வொரு கோயில்லயும் நோக்யோச்சோங்கற நோட்டுல பிரஷ்ஷால எழுதி சிவப்பு முத்திரை குத்திக் குடுப்பாங்க. அதக் குடுக்குற கவுண்டர் சாயங்காலம் 5 மணியோட சரி. ஒரு கோயில்ல மூச்சு வாங்க படியேறிப் போறேன், மணி 5.04, கதவு சாத்தியாச்சு, மறுநாள் காலைல அதே படிய திரும்ப ஏறினேன். அதனால 4 மணிக்குள்ள கடைசி கோயில், அங்கேர்ந்து நடக்குற தூரத்துல மின்ஷுகு, அப்டி பின்னாலேர்ந்து கணக்குப் போட்டுட்டு வாங்க. மின்ஷுகுன்னா வீட்டோட இருக்கற சின்ன லாட்ஜ், ஒரு நாள் முன்னாடியாவது போன் பண்ணிச் சொல்லிடணும்.

ஆரம்பம் தோகுஷிமா பக்கம் ர்யோசென்ஜி, பாண்டோ ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிரலாம். வெள்ளச் சட்ட, கூம்புத் தொப்பி, கைத்தடி எல்லாம் அங்கயே கிடைக்கும். தடிய மட்டும் விட்டுடாதீங்க, 11லேர்ந்து 12ஆவது கோயிலுக்குப் போற மலைப்பாதைல அது இல்லன்னா முட்டி காலி. இந்த யாத்திரையே கோபோ தைஷிங்கற புத்தத் துறவியோட பேர்லதான், அந்தத் தடிதான் அவருன்னு நம்பிக்கை, அதனால ரூமுக்குப் போனதும் மொதல்ல தடியோட அடிய கழுவணும், அப்புறந்தான் நம்ம கால். பாலத்து மேல தட்டிட்டு நடக்கக் கூடாது, அவரு பாலத்தடில படுத்துத் தூங்கினவராம்.

மலைய விட மோசம் தார் ரோடுதான். பெரும்பகுதி ரோட்டுலதான் நடை, தீவோட தெற்குல இருக்கற கோச்சி மாகாணத்துல கடலோரமா போய்க்கிட்டே இருக்கும், 37ஆவது கோயிலுக்கும் 38ஆவது கோயிலுக்கும் நடுவுல மட்டும் 80 கிலோமீட்டருக்கு மேல. ஷூ ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, கால் வீங்கும். பை எடைய முடிஞ்ச வரைக்கும் கொறைங்க. மார்ச்லேர்ந்து மே, இல்லன்னா அக்டோபர், நவம்பர் போங்க. ஜூன்ல மழை, அப்புறம் புயல்.

சைவக்காரங்களுக்கு ஒண்ணு. காய்கறிக் குழம்புலகூட மீன் சாறு இருக்கும், தாஷின்னு சொல்வாங்க. புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, அப்பவும் முழுசா நம்பிடாதீங்க. உப்பு பிளம் வெச்ச ஓனிகிரிங்கற சோத்து உருண்டை, வாழைப்பழம், இதுலதான் எனக்குப் பல மத்தியானம் ஓடுச்சு. கையில யென் நோட்டா வெச்சுக்கோங்க, கிராமத்துல கார்டு நெறய இடத்துல வாங்க மாட்டாங்க.

வழில யாராவது கூப்ட்டு ஏதாவது குடுப்பாங்க, அது ஓசெத்தாய். கூச்சப்பட்டு வேணாம்னு சொல்லக் கூடாது, வாங்கிட்டு ஓசமெஃபுதாங்கற பேர்ச்சீட்டக் குடுக்கணும். முதல்தடவ போறவங்களுக்கு வெள்ளச் சீட்டு, ராத்திரியே பத்து எழுதி வெச்சிடுங்க. எனக்கு ஒரு பாட்டி ரோட்டோரமா ஓடி வந்து நாலு ஆரஞ்சக் கையில திணிச்சுட்டாங்க, என்கிட்ட எழுதின சீட்டு இல்ல, நான் பேனாவத் தேடி, முட்டில வெச்சு எழுதி முடிக்கற வரைக்கும் அவங்க வெயில்லயே நின்னு, வாங்கி ரெண்டா மடிச்சு ஏப்ரன் பாக்கெட்ல வெச்சுக்கிட்டாங்க.