ஆர்ட்டீமியா குஞ்சுகள் மூன்றாம் நாள் சாவது நின்றது இப்படித்தான்

ஆர்ட்டீமியா என்பது மீன்குஞ்சுகளுக்குத் தீனியாகும், உப்புநீரில் வாழும் இறால் போன்ற குட்டி உயிரி. அதன் முட்டை பொரிவதில் சிக்கலே இல்லை: 28 டிகிரி, லிட்டருக்கு 30 கிராம் உப்பு, 24 மணி நேரம். வளர்ப்புத் தொட்டியில்தான் மூன்றாம் நாள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காற்றுக்குழாயின் நுனியில் மாட்டும் நுண்துளைக் கல்லான ஏர் ஸ்டோன் விடும் பொடிக்குமிழிகள் கால்களில் சிக்கி, குஞ்சுகளை மேலே தூக்கிவிடுகின்றன. கல்லைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை அடிவரை இறக்கினேன். பெரிய குமிழிகள் நிதானமாக வந்தால் போதும்.

அதைவிடப் பெரிய எமன், தீனியாகப் போட்ட ஈஸ்ட். மிஞ்சியது அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். இப்போது ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியின் பொடியைக் கரைத்து, மெல்லிய துணியில் வடித்து, சொட்டுச் சொட்டாக விடுகிறேன். நீர் லேசாகப் பச்சையானதும் நிறுத்திவிட வேண்டும்; தெளிந்த பிறகே அடுத்த வேளை. பொரிந்தவுடன் தீனி வேண்டாம், முதல் சில மணி நேரம் கருவுணவிலேயே வாழும். அடியில் படிவதைத் தினமும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே உப்பளவில் புது நீர் ஊற்றுகிறேன்.